அந்தப் பத்தடி யாருடையது?

(பட்டிமன்றத் தலைப்பு: மழைக்காலத்தில் வாசலில் சேறும் கொசுவும் சேரப் பெரிதும் காரணம் தெருவா? வீடா? "வீடே!" என்ற அணியில் பேசியது.)

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! தெருவைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே, ஒரு கையிலே முறுக்கும் இன்னொரு கையிலே கொசு பேட்டுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தாரே! (பலத்த சிரிப்பு) 

ஐயா, எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "ரோடு போடறேன் ரோடு போடறேன்னு தெருவை உயர்த்திட்டாங்க, வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு, தெருத்தண்ணியெல்லாம் வாசலுக்கு வருது"ன்னு சொன்னார். நான் மறுக்கலை ஐயா. எங்க ஊரு மயிலாப்பூர். மாட வீதியைச் சுத்தி எத்தனையோ பழைய வீடுங்க. முன்னே மூணு படி ஏறித் திண்ணைக்குப் போன வீட்டுக்கு இன்னிக்கு ரெண்டு படி இறங்கித்தான் போகணும். வீட்டுக்கு வர்றவங்க, கோயில் குளத்துல இறங்கற மாதிரி இறங்கி வர்றாங்க! (சிரிப்பு) பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-லே அரசாங்கமே உத்தரவு போட்டது. ஆக, தெருவிலே குறை இருக்கு. அதைக் கேட்கவேண்டிய இடத்துல கேட்கவேண்டியதுதான்.

ஆனா நான் ஒண்ணே ஒண்ணு கேட்கறேன் ஐயா. தெரு எங்கே முடியுது? கேட்டுல முடியுது. வீடு எங்கே ஆரம்பிக்குது? நம்ம நினைப்புல, நிலைப்படியிலே ஆரம்பிக்குது. கேட்டுக்கும் நிலைப்படிக்கும் நடுவிலே ஒரு பத்தடி இருக்கே, அது யாருடையது? கூடத்தை நாளைக்கு ரெண்டு தடவை துடைக்கிறோம். அடுப்பு மேடையைப் பளபளன்னு வெச்சிருக்கோம். அந்தப் பத்தடியையும் பின்னாலே கொல்லைப்புறத்தையும் மட்டும் யாரோ வந்து பார்த்துக்குவாங்கன்னு விட்டுட்டோம். சேறும் கொசுவும் குடியிருக்கிறது அங்கேதான். தெருவிலே இல்லை! (கைதட்டல்)

முதல்லே சேற்றை எடுத்துக்குவோம். வாசல்ல சேறு எங்கேர்ந்து வந்தது? வானத்துலேர்ந்து சேறா பெய்யுது? தண்ணிதான் பெய்யுது. அந்தத் தண்ணி எந்த வழியா வாசலுக்கு வந்ததுன்னு என்னைக்காவது அண்ணாந்து பார்த்திருக்கோமா? நம்ம மொட்டை மாடி வழியா வந்தது!

நான் கணக்கு டீச்சர் ஐயா. சின்னக் கணக்கு ஒண்ணு சொல்றேன்.

நடுவர்: பட்டிமன்றத்திலும் பரீட்சையா? (சிரிப்பு)

பயப்படாதீங்க ஐயா, விடையை நானே சொல்லிடறேன். மாடி ஆயிரம் சதுர அடின்னு வெச்சுக்குங்க. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தா அந்த மாடியிலே விழற தண்ணி 900 லிட்டருக்கு மேலே. நம்ம பிளாஸ்டிக் குடத்துல அறுபது குடம்! நம்ம ஊர்ல வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதிலே பாதிக்கு மேலே அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ளே கொட்டித் தீர்த்துடும். ஒரே ராத்திரியிலே பத்து சென்டிமீட்டர் பெய்தா, அறுநூறு குடம் தண்ணியை நாமே மாடியிலேர்ந்து குழாய் வெச்சு வாசல் மண்ணுல ஊத்தறோம். காலையிலே எழுந்து, "ஐயோ, சேறு! கார்ப்பரேஷன் என்ன பண்ணுது?"ங்கறோம். (சிரிப்பு, கைதட்டல்)

2003-ஆம் வருஷம் தமிழ்நாட்டிலே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தது. எல்லாரும் குழாய் போட்டோம். இப்ப அந்தக் குழாய் எங்கே போகுதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சில வீட்டுல குழாய் இருக்கும், கீழே குழி இருக்காது. சில வீட்டுல குழி இருக்கும், சருகு மூடிக் கிடக்கும். ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மாடியைப் பெருக்கி, குழாய் வாயிலே வலை கட்டி, குழியைத் தூர்வாரி, தண்ணியைக் கிணத்துக்கோ உறைகுழிக்கோ திருப்பிவிட்டா வாசல்ல பாதிச் சேறு குறையும். கோடையிலே கிணத்துலயும் தண்ணி இருக்கும். அந்த மூடியை மட்டும் இறுக்கமாப் போடணும். இல்லேன்னா அந்தக் குழியே கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! (சிரிப்பு)

"சேறு வேண்டாம்னா முழுக்க சிமெண்ட் போட்டுட்டா போச்சு"ம்பாங்க சிலர். வேண்டாம் ஐயா. சிமெண்ட் போட்டா தண்ணி பூமிக்குள்ளே போகாது. நம்ம சேற்றைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்ட கதைதான். மண்ணை மண்ணாவே விட்டு, நடக்கிற வழியிலே மட்டும் செங்கல் துண்டும் ஜல்லியும் பரப்பி, நாலு பலகைக்கல் போட்டா போதும். தண்ணி இறங்கும், கால் அழுக்காகாது.

தெருவிலே சேறு இருக்கேன்னு கேட்பாங்க. தெருவிலே மணல் கொட்டினது யாரு ஐயா? நாமதான் மாடி எடுத்துக் கட்டறோம்னு மணலையும் எம்-சாண்டையும் தெருவோரத்துல குவிக்கிறோம். மழை வந்து அதைக் கரைச்சு, மழைநீர் வடிகாலை அடைக்குது. வடிகால் அடைச்சா தண்ணி திரும்பி எங்கே வரும்? அனுப்பினவங்க விலாசத்துக்குத்தான் வரும்! (பலத்த கைதட்டல்)

சேறுன்னா நமக்கு மட்டும் இல்லை ஐயா. ரஷ்யாவிலே பனி உருகற வசந்தகாலத்துல ஊரே சேறாகும். அந்தப் பருவத்துக்கே 'ரஸ்புத்தித்சா'ன்னு தனிப் பேரு வெச்சிருக்காங்க. குளிர்நாடுகள்லே பல வீட்டுல வாசல் பக்கமா, பூட்ஸைக் கழட்டி வைக்கறதுக்குன்னே ஒரு சின்ன அறை கட்டறாங்க. கேட்டா ஆச்சரியமா இருக்கில்லே? ஆனா நம்ம தாத்தா அதுக்கும் முன்னாடியே திண்ணை கட்டினாரு. திண்ணைக்குக் கீழே ஒரு செம்புத் தண்ணி வெச்சாரு. வெளியே போயிட்டு வந்தா கால் கழுவாம உள்ளே வரக்கூடாதுன்னாரு. நாம திண்ணையை இடிச்சு ஸ்கூட்டர் நிறுத்தினோம், செம்பைத் தூக்கிப் பரண்ல போட்டோம், சேறு உள்ளே வருதுன்னு அழறோம்!

கால் கழுவறது வெறும் ஆசாரம் இல்லை ஐயா. பெருச்சாளியும் எலியும் வளை தோண்டி, மழைத்தண்ணியிலே சிறுநீர் கழிக்குது. காலிலே ஒரு சின்ன வெட்டோ வெடிப்போ இருந்து, அந்தச் சேற்றிலே நடந்தா 'லெப்டோஸ்பைரா'ங்கற கிருமி உள்ளே போகும். எலிக்காய்ச்சல்னு சொல்றது அதைத்தான். முத்தினா கல்லீரல், சிறுநீரகம் ரெண்டையும் கெடுக்கும். அதனாலே தேங்கின தண்ணியிலே வெறுங்காலோட நடக்காதீங்க. வந்தவுடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க. ராத்திரி மிச்சச் சோத்தை வாசல்ல கொட்டாதீங்க. நாம சாப்பாடு போட்டா எலி குடும்பத்தோட வரத்தானே செய்யும்?

மரவட்டையைப் பார்த்து பயப்படாதீங்க. பாவம், அது மக்கின இலையைத் தின்னுட்டுப் போற ஜீவன். அது படையெடுத்து வருதுன்னா, சுவரோரமா நீங்க சருகு குவிச்சு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அது நமக்கு வந்த நோட்டீஸ்! (சிரிப்பு)

இப்ப கொசுவுக்கு வர்றேன். இங்கேதான் ஐயா என் சொந்தக் கதையும் வருது.

எதிரணியிலே பேசின அம்மா, "கொசு சாக்கடையிலேர்ந்து வருது, பக்கிங்ஹாம் கால்வாயிலேர்ந்து வருது"ன்னாங்க. வருது, இல்லேங்கலை. ராத்திரியிலே காதுகிட்ட சங்கீதக் கச்சேரி பண்ணற கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணியிலேர்ந்து வர்றதுதான். ஆனா கொசு ஒரே ஜாதி இல்லை ஐயா. மலேரியா பரப்பற அனாபிலஸ் கொசுவிலே நம்ம நகரத்துக்குன்னே ஒரு வகை உண்டு. அது மேல்நிலைத் தொட்டியிலயும் கிணத்துலயும் முட்டை போடும். டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பற ஏடிஸ் கொசு இருக்கே, காலிலே வெள்ளைப் பட்டை போட்ட கொசு, அது பரம ஆசாரம்! மடியா, நல்ல தண்ணியிலதான் பெரும்பாலும் முட்டை போடும். மயிலாப்பூருக்குன்னே பொறந்த கொசு! (பலத்த சிரிப்பு) அது பகல்லதான் கடிக்கும். பெரும்பாலும் பொறந்த இடத்துலேர்ந்து நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டிப் போகாது. ஆக, உங்களைப் பகல்லே ஒரு ஏடிஸ் கொசு கடிச்சுதுன்னா, அது பெரும்பாலும் உங்க வீட்டுப் பிள்ளை, இல்லேன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளை!

எங்க வீட்டுக் கொல்லையிலே ஒரு ஆட்டுக்கல் இருக்கு. எங்க அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணமாகி வர்றபோது அவங்க அப்பா மாட்டுவண்டியிலே ஏத்தி அனுப்பின கல். கிரைண்டர் வந்தப்புறம் அதிலே யாரும் மாவாட்டறதில்லை. "எடுத்துடலாமா அத்தை?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "என்னையும் சேர்த்து எடுத்துடு"ன்னாங்க. (சிரிப்பு) அதோட விட்டுட்டேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை மாசம். நாலு நாள் மழை விட்டு வெயில் அடிச்சுது. கொசுப்புழு இருக்கான்னு வீடு வீடாப் பார்க்கிற ஒரு பெண் கையிலே டார்ச்சோட கேட்டுக்கிட்ட வந்து நின்னாங்க. "அம்மா, தொட்டி, கொல்லையெல்லாம் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேம்மா"ன்னாங்க. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. கொஞ்சம் கர்வமும் இருந்தது ஐயா, ஒத்துக்கறேன். "எங்க வீட்டுல அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நாங்க சுத்தமாத்தான் வெச்சிருக்கோம். நீங்க போய்த் தெருவைப் பாருங்க"ன்னு சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். ஐயா, அன்னிக்கு நான் எதிரணியிலே இருந்தேன்!

பத்து நாள் கழிச்சு என் பொண்ணுக்குக் காய்ச்சல். ரெண்டாங் கிளாஸ் படிச்சுக்கிட்டிருந்தா. கண்ணுக்குப் பின்னாலே வலிக்குது, கை கால் வலிக்குதுன்னு அழுதா. ரத்தம் சோதிச்சுப் பார்த்து டெங்குன்னாங்க. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுது. நாங்க பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிட்டோம். டாக்டர் தடுத்தார். "அம்மா, இதுலே காய்ச்சல் விட்டப்புறம் வர்ற ரெண்டு நாள்தான் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும். வயித்து வலி, விடாத வாந்தி, மூக்குலயோ ஈறுலயோ ரத்தம், குழந்தை துவண்டு போறது, எது வந்தாலும் உடனே சொல்லணும்"னார். "வலிக்குதேன்னு நீங்களா கடையிலே மாத்திரை வாங்கிக் கொடுத்துடாதீங்க. சில வலி மாத்திரை ரத்தப்போக்கை அதிகமாக்கிடும்"னார். அந்த ரெண்டு ராத்திரி நான் தூங்கலை ஐயா. அவ மூச்சு விடறதை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். (அரங்கில் அமைதி)

ஆண்டவன் புண்ணியத்துல, டாக்டர் புண்ணியத்துல பொழைச்சு வந்தா. வீட்டுக்கு வந்த மறுநாள் அதே பெண் வந்தாங்க. இந்தத் தடவை நானே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். கொல்லைக்குப் போனாங்க. ஆட்டுக்கல் குழியிலே டார்ச் அடிச்சாங்க. ஒரு வெள்ளைக் கிண்ணத்துல தண்ணியை மொண்டு என்கிட்ட காட்டினாங்க. நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது புழு. நாற்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணலை. அந்தப் பெண் என்னைத் திட்டலை. "அன்னிக்கே சொன்னேனே"ன்னுகூடச் சொல்லலை. "பரவாயில்லம்மா, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்"னாங்க. அந்த வார்த்தைதான் ஐயா என்னைச் சுட்டுது.

அந்தக் குழியிலே பொறந்த கொசுதான் என் குழந்தையைக் கடிச்சுதா? கோர்ட்டுல நிரூபிக்க முடியாது. பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம், வேற எங்கேயோ கடிச்சிருக்கலாம். ஆனா யாரோட குழந்தையையோ கடிக்கறதுக்கு நாற்பது கொசுவை நான் வளர்த்துக்கிட்டிருந்தேன். அது மட்டும் நிரூபணம் ஆயிடுச்சு! (நீண்ட கைதட்டல்)

இந்த மாதிரி அறியாம வளர்த்தவ நான் மட்டும் இல்லை ஐயா. எறும்பு வரக்கூடாதுன்னு நாம அலமாரிக் காலுக்கடியிலே கிண்ணம் வெச்சுத் தண்ணி ஊத்தறோமில்லையா? இதையே பிரெஞ்சுக்காரங்களும் பண்ணினாங்க. 1881-லே பனாமா கால்வாய் வெட்டப் போனாங்க. ஆஸ்பத்திரியிலே கட்டில் காலுக்கெல்லாம் கிண்ணத்துல தண்ணி வெச்சாங்க, எறும்பு ஏறாம இருக்க. எறும்பு ஏறலை. ஏடிஸ் கொசு பெருகிச்சு, மஞ்சள் காய்ச்சல் பரவிச்சு. இருபதாயிரத்துக்கும் மேலே ஜனங்க செத்தாங்கன்னு கணக்கு. 1889-லே வேலையே நின்னு போச்சு. கொசுதான் காரணம்னு அப்ப அவங்களுக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் நம்ம மெட்ராஸ் மாகாணத்துல வேலை பார்த்த ரொனால்ட் ராஸ்ங்கற ராணுவ டாக்டர், 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி, செகந்திராபாத்துல கொசு வயித்துக்குள்ளே மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சார். நோயாளியைக் கடிக்கவிட்ட ஒவ்வொரு கொசுவுக்கும் அந்த நோயாளிக்கு ஓரணா கொடுத்தாராம். இன்னிக்கு அந்த ரேட்டு இருந்தா நாமெல்லாம் கோடீஸ்வரங்க! (பலத்த சிரிப்பு) 1902-லே அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. 1904-லே அமெரிக்காக்காரங்க பனாமாவுக்குப் போனபோது கோர்காஸ்ங்கற டாக்டர் என்ன பண்ணினார் தெரியுமா? வீடு வீடா ஆள் அனுப்பித் தொட்டியை மூடினார், தேங்கின தண்ணியைக் கொட்டினார், புகை போட்டார். ரெண்டே வருஷத்துல மஞ்சள் காய்ச்சல் அங்கே ஒழிஞ்சுது. நம்ம வீட்டுக் கேட்டுல டார்ச்சோட நிக்கற அந்தப் பெண் செய்யற வேலை ஐயா அது! சிங்கப்பூர்ல வீட்டுக்குள்ளே கொசுப்புழு இருந்தா முதல் தடவையே 200 வெள்ளி அபராதம். தெருவைக் கேட்கலை, வீட்டைத்தான் கேட்கறாங்க!

"புகை அடிச்சா சரியாயிடுமே"ம்பீங்க. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணிக்குள்ளே இருக்கிற புழுவை ஒண்ணும் பண்ணாது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள், பத்து நாள் ஆகும். அதனாலே வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டினா அதோட வம்சமே அறுந்துடும். கொட்டினா மட்டும் போதாது, தேய்க்கவும் வேணும். ஏன்னா ஏடிஸ் முட்டையைப் பாத்திரத்தோட சுவர்ல, தண்ணிக்குக் கொஞ்சம் மேலே ஒட்டி வைக்கும். காய்ஞ்சாலும் அது மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். அடுத்த மழை வந்தா பொரியும்.

இதை நான் வீட்டுல சொன்னபோது எங்க அத்தை சொன்னாங்க: "இதுக்கு ஏண்டி இவ்வளவு பேச்சு? வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவறோமே, அன்னிக்கு வெளியேயும் ஒரு சுத்து வந்துட்டா போச்சு." அதுதான் ஐயா தீர்வு! ஏழு நாளுக்கு ஒரு தடவைங்கற விஞ்ஞானமும் வெள்ளிக்கிழமைங்கற சம்பிரதாயமும் எங்க வீட்டுல கைகுலுக்கிடுச்சு. (கைதட்டல்)

இப்ப வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் கொல்லையையும் வாசலையும் சுத்தி வர்றோம். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலே இருக்கிற தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், கொட்டாங்கச்சி, பழைய டயர், மாடியிலே கிடக்கிற உடைஞ்ச பக்கெட், எல்லாத்தையும் கவிழ்த்துத் தேங்காய் நாரால தேய்க்கிறோம். தொட்டிக்கு மூடி, கிணத்துக்கு வலை. எறும்புக் கிண்ணத்துல உப்பைக் கலந்துட்டோம். பொண்ணுதான் டார்ச் பிடிப்பா.

ஆட்டுக்கல் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அத்தையே அந்தக் குழியிலே மணலை அள்ளிப் போட்டு இறுக்கி மூடினாங்க. மேலே ஒரு சின்னக் கோலம் போட்டாங்க. கல்லும் இருக்கு, அத்தையும் இருக்காங்க, கொசு மட்டும் காலி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: மணி அடிச்சாச்சு அம்மா.

இதோ முடிச்சுட்டேன் ஐயா. தெருவுக்காகக் குரல் கொடுங்க, மனு எழுதுங்க, கூட்டமாப் போய்க் கேளுங்க. அது நம்ம உரிமை. ஆனா மனுவுக்குப் பதில் வர்ற வரைக்கும் ஏடிஸ் கொசு காத்திருக்காது. டார்ச்சோட யாராவது வந்து நின்னா, என்னை மாதிரி கேட்டைச் சாத்தாதீங்க. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்துக் கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.

கேட்டுக்கும் நிலைப்படிக்கும் நடுவிலே இருக்கிற அந்தப் பத்தடி நம்முடையது. அதிலே சேறு இருந்தாலும் நம்ம சேறு, கொசு இருந்தாலும் நம்ம கொசு. ஆகவே சேறும் கொசுவும் சேரப் பெரிதும் காரணம் வீடே, வீடே, வீடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)